டர்பன்டைன் மரத்து எண்ணெய்

போன மாதம் மகள் எனக்கொரு சின்னப் போத்தல் வாங்கி வந்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கபில நிறக் கண்ணாடி, மூடியிலேயே துளி விடும் குழாய். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறாள். நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் மழைக்காலமும் கூட்டுச் சேர்ந்தால் கால்விரல் இடுக்கு என்ன கதிக்கு ஆளாகும் என்று உங்களுக்கும் தெரியும். மகள் போனைப் பார்த்து வாசித்துச் சொன்னாள். ஏதோ ஓர் அவுஸ்திரேலிய மரத்தின் எண்ணெயாம், பூஞ்சணத்தைக் கொல்லுமாம், தேங்காய் எண்ணெயில் சொட்டுச் சொட்டாகக் கலந்து பூச வேண்டுமாம். சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள்.

வாசம் மூக்கில் ஏறியதும் நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.  அறுபதைத் தாண்டிய மனுஷி ஒரு போத்தலைக் கண்டு எழுந்து ஓடினால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். அவர்களிடம் நான் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் பஞ்ச காலத்தில் பாணுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள். சொறியும் சிரங்கும் படையுமாக வளர்ந்து, எப்படியோ ஆளானவர்கள்.

அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையில், மாத்தளை ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒரு வீட்டு வரிசையில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவர் பிறந்தது வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழும்பு, கொட்டாஞ்சேனை. அம்மாவுக்கு மலையும் பிடிக்கவில்லை, மழையும் பிடிக்கவில்லை. இந்த ஊரில் துணி காய்வதற்குள் கிழிந்துவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்புக்கு மேலே கயிறு கட்டி எங்கள் உடுப்புகளைக் காயப்போடுவாள். புகை வாசமும் ஈர வாசமும் கலந்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

அந்த வருடம் ஒக்டோபரில் தொடங்கிய மழை டிசம்பரில் நத்தார் நெருங்கியும் விடவில்லை. மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே என் இடது கையில், சட்டையின் அரைக்கை முடிகிற இடத்தில், சிவப்பாக ஒரு பொட்டு வந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. அரித்தது, சொறிந்தேன். கொஞ்ச நாளில் அது வட்டமாக விரிந்தது. நடுவில் தோல் வெளிறி, ஓரத்தில் மட்டும் சிவந்த வரம்பு. வரம்பில் பொடிப்பொடியாகக் கொப்புளம். படை என்று எல்லாருக்கும் தெரிந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். சீமையகத்தி இலையை அரைத்துப் பூசினார்கள். அப்பா பல்வலிக்கு வைத்திருந்த கராம்பு எண்ணெயையும் ஒரு நாள் தொட்டு வைத்தார்கள். படை எதற்கும் அசையவில்லை.

அதுவரை எனக்குப் பயம் இல்லை. படை வந்த பிள்ளைகள் வகுப்பில் வேறும் இருந்தார்கள். அம்மாவுக்குத்தான் வெட்கம். கொழும்பு ஆட்களுக்குத் தோலில் ஒன்று வந்துவிட்டால் அது வீட்டின் அழுக்கு என்ற நினைப்பு. என் சட்டைக் கைகளின் மடிப்பை அவிழ்த்து நீளமாக்கி, படையை மறைத்துத் தைத்துக் கொடுத்தாள். யார் கேட்டாலும் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தோட்டத்துக்குத் தங்கையைப் பார்க்கப் போய் வந்தார். அடுத்த நாள் காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில், சப்பாத்தை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "டர்பன்டைன் எண்ணெய் கொஞ்சம் வாங்கித் தடவச் சொன்னா தங்கச்சி. பட்டவுடனே படை ஓடிருமாம்."

இங்கேதான் எல்லாம் பிழையாகிப் போனது. தோட்டத்து ஆட்களுக்கு யூகலிப்டஸ் மரம் என்றால் டர்பன்டைன் மரம். இலையைக் கசக்கி மோந்து பார்த்து எந்தத் துரை அந்தப் பெயரைச் சொன்னானோ, அதுவே மலை முழுக்க நிலைத்துவிட்டது. அதன் இலையைக் காய்ச்சி வடித்த எண்ணெயும் அவர்கள் வாயில் டர்பன்டைன் எண்ணெய்தான். தடிமன் சளிக்கு முகர்வார்கள், மூட்டு நோவுக்குத் தேய்ப்பார்கள், படைக்கும் பூசுவார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் ஒன்று இருப்பதே அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்கு அந்தச் சொல்லுக்கு இருந்தது ஒரே அர்த்தம். கொட்டாஞ்சேனையில் கதவுக்கும் ஜன்னலுக்கும் வர்ணம் பூசுகிறவர்கள் பெயின்ட் கரைக்கத் தகரத்தில் கொண்டு திரிவார்களே, அது.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனாள். கடை முதலாளி நல்ல மனிதர். எங்கள் வரிசையில் யாருக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரியும். போத்தலில் ஊற்றிக்கொண்டே வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். அம்மா என் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டு, ஆமாம் என்றாள். பிள்ளையின் படைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் போத்தலைத் திருப்பி வாங்கியிருப்பார். வெட்கம் மனிதரை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பின்னேரம் அம்மா ஒரு துணித் துண்டை அதில் நனைத்துப் படையின் மேல் வைத்தாள். அதன் மேல் வாழையிலை. அதைச் சுற்றி அப்பா உடுத்திக் கழித்த பழைய சாரத்தில் கிழித்த நீலக் கட்டம் போட்ட துணியால் இறுக்கிக் கட்டினாள். முதலில் குளிர்ந்தது. பிறகு காந்தியது. பிறகு யாரோ கொள்ளிக்கட்டையை என் கையில் வைத்துவிட்டு எடுக்க மறந்தது போல இருந்தது. நான் கத்தினேன். கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

"பொறுத்துக்கம்மா. மருந்து வேல செய்யுது."

எரிந்தால்தான் மருந்து என்று நம்பிய காலம் அது. அயடீன் எரிந்தது, ஸ்பிரிட் எரிந்தது, அதனால் எரிகிறதெல்லாம் நல்லது. நம்மில் எத்தனை பேர் அந்த நம்பிக்கையின் தழும்போடு திரிகிறோமோ தெரியாது. அப்பா வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே மோந்து பார்த்துவிட்டு, யார் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா போத்தலைக் காட்டினாள். அப்பா என் கட்டை அவிழ்த்தார். வாழையிலையோடு தோலும் வந்தது.

அன்றைக்கு அவர்கள் போட்ட சண்டையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மரத்து எண்ணெயைத்தானே சொன்னேன் என்றார் அப்பா. மரம் என்ற சொல்லையே நீங்கள் சொல்லவில்லை என்றாள் அம்மா. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். பிறகு அம்மா சுவரோரமாக உட்கார்ந்து, என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

புண் ஆறுவதற்கு நிறைய நாள் எடுத்தது. ஆறிய இடம் வெள்ளையாக, மினுமினுப்பாக இருந்தது. ஆனால் படை போகவில்லை. வெந்த இடத்துக்கு வெளியே புதிதாக ஒரு வளையம் கிளம்பி அகன்றுகொண்டே போனது. நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. அதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் அம்மா ஆஸ்பத்திரியக்காவைக் கூப்பிட்டாள். எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரி. முன்பொரு காலத்தில் எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு கழுவியவள். அதனால் அந்தப் பெயர். காய்ச்சலோ பிரசவமோ, வரிசையில் எல்லாரும் அவளைத்தான் முதலில் கேட்பார்கள். அவளும் தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. வந்து என் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தன் சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். ஊசி படும்போது சொல்ல வேண்டும் என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அம்மா மூச்சு விடுவது கேட்டது. கூரையில் மழை விழுவது கேட்டது. எப்போது குத்துவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.  பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தேன். ஊசியின் முனை என் தோலில் நின்றுகொண்டிருந்தது. அந்த வெள்ளையின் நடுவில், தோல் குழிந்து போகுமளவுக்கு அழுத்தியிருந்தாள். எனக்கு அது பட்டதே தெரியவில்லை.

அம்மாவும் அவளும் குசினிக்குள் போனார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் அந்த நோயின் பெயரைச் சொன்னாள். குஷ்டம். ஞாயிறு பூசையில் பைபிள் வாசிக்கும்போது வருகிற சொல். ஊருக்கு வெளியே நிற்கிற ஆட்களின் சொல். அது வெந்த தோல், அதனால் மரத்திருக்கலாம் என்று அம்மா மன்றாடுகிற குரலில் சொன்னாள். வெந்த தோல் நோகும், இது நோகவில்லையே என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் எனக்குக் கேட்டது.

"ஜீப்புல வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க. தீவுக்கு. அந்த நோய்க்காரங்கள அங்கதான் வைக்கிறது."

"நானும் கூடப் போறேன்னா?"

"பெத்த தாயா இருந்தாலும் விட மாட்டாங்க. நோய் உள்ளவங்க மட்டுந்தான்."

அவளைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். வார்டு கழுவுகிறபோது காதில் விழுந்த துண்டு துண்டான பேச்சை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்தக் காலத்திலேயே அந்த நோய்க்கு மாத்திரை இருந்தது என்று நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் குசினியில் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

தீவு என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. கடலைப் பார்க்காத பிள்ளை. நான் அறிந்த தீவு ஒன்றே ஒன்றுதான். கண்டிக்குப் போகும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊரும். ஜன்னலால் குனிந்து பார்த்தால் மகாவலியின் நடுவில் ஒரு மணல் திட்டும் அதில் ஒரு மூங்கில் புதரும் தெரியும். சுற்றிலும் தண்ணீர் உள்ள இடம் தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். என்னை அதில்தான் கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மழைக்கு ஆறு செந்நிறமாகப் பெருகி ஓடியது. மூங்கிலின் தலை மட்டும்தான் வெளியே தெரிகிறது என்று அப்பா ஒரு நாள் வந்து சொன்னார். அவர் வெள்ளத்தின் புதினச் செய்தியைத்தான் சொன்னார்.  அப்படியானால் அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா என்னைப் பள்ளிக்கூடம் போக விடவில்லை. பிள்ளைகளின் தோலைப் பார்க்க சுகாதாரப் பகுதி ஆட்கள் வருகிறார்கள் என்று பேச்சு இருந்தது. டொக்டரிடம் காட்டுவோம் என்று அப்பா சொன்னபோதெல்லாம் அம்மா சன்னதம் வந்தவள் மாதிரி ஆனாள். டொக்டர் பார்த்தால் எழுதுவார், எழுதினால் ஜீப் வரும் என்பாள். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் நான் கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன். மாத்தளை ரோட்டில் அப்போது எத்தனை ஜீப் ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே தூசியும் பழைய ட்ரங்குப் பெட்டியின் துரு வாசமும். அந்தப் பெட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு, சத்தம் பாலத்துப் பக்கம் போய்த் தேயும்வரை மூச்சை அடக்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரியக்கா சொன்னபடி எனக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். நீல விளிம்பு போட்ட எனாமல் கோப்பை. தனிப் பாய், தனித் துவாய். அப்பா என்னைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். தலையில் கை வைக்க வந்து, பாதியில் கையை எடுத்துக்கொண்டு வெளியே போவார். அவரும் பயந்த மனிதர், பாவம். அம்மா மட்டும் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டு எழும்பியதும் அதே கோப்பையில் சோறு போட்டுச் சாப்பிட்டாள். கழுவுகிற வேலை மிச்சம் என்றுதான் செய்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் என் கையில் கட்டியிருந்த நீலக் கட்டத் துணி அம்மாவின் கையில் கட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். அடுப்பில் சுட்டுவிட்டது என்றாள்.

நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால் தோட்டத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கையில் ஒரு கால் போத்தல், போத்தல் வாயைத் துணியால் அடைத்திருந்தது. உள்ளே தெளிந்த எண்ணெய். தோட்டத்தில் ஒருவர் டர்பன்டைன் இலையைக் காய்ச்சி வடித்தது. துணியை இழுத்ததும் வீடு முழுக்க ஒரு வாசம் பரவியது. குளிர்ந்த, கண்ணைக் கரிக்கிற, மலைக்காட்டு வாசம். நல்ல வாசம்தான். ஆனால் போத்தலைக் கண்டதுமே நான் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டு அலறினேன். அத்தை என்னை இழுக்கவில்லை. தன் மணிக்கட்டில் ஊற்றித் தேய்த்துக் காட்டினாள். பிறகு தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் விட்டுக் கலந்தாள். தனியாகப் பூசினால் இதுவும் தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும் என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னாள். பூசியபோது சில்லென்று இருந்தது, கொஞ்சம் கடித்தது. அன்றைக்கு அரிப்பு அடங்கியது. வரம்பின் சிவப்புக்கூடச் சில நாள் மங்கியது. ஆனாலும் எண்ணெய் பட்ட ஒவ்வொரு முறையும் தோல் கழன்றுவிடும் என்று நான் உடம்பை இறுக்கிக்கொண்டேன். அந்த வாசமும் அந்தப் பயமும் எனக்குள் ஒன்றாகப் போய் உட்கார்ந்துவிட்டன.

போகிறபோது அம்மா அத்தையிடம் ஒன்று கேட்டாள். இந்தப் படை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படி ஒட்டும் என்று. துணி மாற்றிக் கட்டினால் போதும் அண்ணி, கவனமாக இருங்கள் என்றாள் அத்தை. மற்ற நோயும் அப்படித்தானா என்று அம்மா கேட்டாள். அது தனக்குத் தெரியாது என்றாள் அத்தை.

நத்தார் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில், அம்மா பின்பக்கத்துக் குழாயடியில் குறுக்குக்கட்டோடு குளித்துக்கொண்டிருந்தாள். நான் துவாய் கொண்டு போனேன். அம்மாவின் இடது கையில், முழங்கைக்கு மேலே, எனக்கு இருக்கிற அதே இடத்தில், ஒரு வளையம். சிவப்பு வரம்பு. வரம்பில் பொடிக் கொப்புளம்.

 நான்தான் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. என் கோப்பையில் சாப்பிட்டாளே, என் பாயில் வந்து படுத்தாளே. துவாயைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா கிட்டே வந்தால் நான் விலகினேன். சோற்றைப் பிசைந்து ஊட்ட வந்தால் வாயை மூடிக்கொண்டேன். மேலும் மேலும் ஒட்டி அம்மா செத்துப்போவாள் என்ற பயம். இதை யாரிடமும் சொல்லத் தெரியாத வயது. அம்மா என்னை விடவில்லை. விலகிப்போகிற என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் கை என் கையில் படும்போதெல்லாம் நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அதைவிடப் பயமாக இருந்தது அம்மாவின் முகம். அதில் கலக்கமே இல்லை. இரண்டு மாதமாக அழுது வீங்கியிருந்த முகம் தெளிந்துவிட்டது. சில நாள் கழித்து ஒரு பின்னேரம் அப்பா வந்ததும் தன் கையை நீட்டிக் காட்டினாள். அப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அமைதியாகச் சொன்னாள்: "நாளைக்கே டொக்டர்கிட்ட போறோம். நானும் புள்ளையும்."

இத்தனை நாள் டொக்டர் என்ற பேச்சை எடுக்க விடாதவள் இப்போது தானாகவே போகிறாளே என்று அப்பாவுக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

எங்களைத் தெரியாத இடமாக இருக்கட்டும் என்று அலவத்துகொடைக்குப் போனோம். புறப்படும்போது அம்மா ஒரு பை எடுத்தாள். என் கவுன்கள், அவளுடைய சேலைகள், செபமாலை, சீப்பு, சவர்க்காரம் எல்லாம் அதில் இருந்தன. டொக்டரிடம் போக எதற்கு உடுப்பு? அங்கிருந்தே எங்களை ஏற்றிவிடுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பஸ் அக்குறணை தாண்டியபோது ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு, கடைகளையும் தொப்பி போட்ட பிள்ளைகளையும் இனிப் பார்க்கவே முடியாது என்ற மாதிரிப் பார்த்துக்கொண்டு போனேன்.

டொக்டர் வயதானவர், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்று சொல்கிற அந்தப் பக்கத்து முஸ்லிம் பேச்சு. ரோட்டோரத்தில் இரண்டு அறையில் டிஸ்பென்சரி. எங்களுக்கு முன்னால் இருமுகிற கிழவர் ஒருவர்தான் இருந்தார். டொக்டர் என் கையை விளக்குக்குக் கீழே பிடித்தார். ஊசி எடுக்கவில்லை. பஞ்சைத் திரியாகத் திரித்து, அந்தச் சிவப்பு வரம்பில் தொட்டார். தெரிகிறதா என்றார். தெரிந்தது. வரம்புக்கு வெளியே தொட்டார், உள்ளே தொட்டார். எல்லா இடத்திலும் தெரிந்தது. நடுவில், அந்த வெள்ளையில் மட்டும் தெரியவில்லை. இந்த இடத்தில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்னாள். டொக்டர் பஞ்சுத் திரியைக் கீழே வைத்தார்.

"இது படைதான்மா. பயப்பட ஒண்டுமில்ல. நடுவுல தோல் வெந்தீக்கி, அதுதான் மரத்துப் போயீக்கி. வேற ஒண்டும் இல்ல."

படைக்கு ஒரு வெள்ளைக் களிம்பு தருவதாகச் சொன்னார். மறைந்த பிறகும் நிறுத்தாமல் பூச வேண்டும், உடுப்பை அவித்து வெயிலில் காயப்போட வேண்டும் என்றார். மரத்து எண்ணெயும் படைக்குக் கொஞ்சம் கேட்கும், ஆனால் அது பாதியில் விட்டுவிடும், இது வேரோடு எடுக்கும் என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் அம்மாவின் கையைப் பார்த்தார். என் கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கை, ஒரே இடம். இது எப்படி வந்தது என்று கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாந்தான் வர வச்சிக்கிட்டேன் டொக்டர். இவ புண்ணுல கட்டுன துணிய எடுத்து என் கையில கட்டிக்கிட்டேன். தீவுக்கு ஏத்தினா நோய் இல்லாத தாயக் கூடப் போக விட மாட்டாங்கன்னு சொன்னாங்க."

 நான் அம்மாவின் பையைப் பார்த்தேன். அவளுடைய சேலைகளை அவள் கலங்காமல் அதில் அடுக்கியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"அந்த நோய் அப்பிடி ஒட்டாதும்மா. துணி கட்டினா வராது. நீங்க தேடி வாங்கிக்கிட்டது வெறும் படைய."

அம்மா நிமிர்ந்தாள். "அப்ப இவளுக்கு அதுவா இருந்திருந்தா, எனக்கு வந்திருக்காதா?"

"லேசுல வராது."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அம்மாவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். இரண்டு மாதம் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்ட நேரத்தில், அம்மா மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். களிம்பை வாங்க மறந்து எழும்பினாள். டொக்டர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தீவு இல்லை, ஜீப் இல்லை, அம்மா சாகப்போவதில்லை. வாய் ஓயாமல் எதையோ பேசினேன்.  அம்மா என் கையை, சரியாக அந்தப் படை இருந்த இடத்தில், இறுக்கிப் பிடித்திருந்தாள். வலித்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வலிக்கிறது என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அம்மா அந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் இல்லை. தன்னை விட்டுவிட்டு என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிருக்கக்கூடிய ஜீப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.